சேப்பாக்கம் கொடுத்ததும் எடுத்ததும்

இந்திய மாநில அணிகள் பல நாள் ஆட்டங்களில் மோதும் ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட்டில் தமிழ்நாடு அணி 12 முறை இறுதிப் போட்டியை எட்டியிருக்கிறது. கோப்பையைத் தூக்கியது இரண்டே முறை: 1954-55 பருவத்தில் ஒன்று, 1987-88 பருவத்தில் மற்றொன்று. எஞ்சிய 10 தோல்விகளில் ஐந்து பம்பாய் என்றும் பின்னர் மும்பை என்றும் ஆடிய ஒரே அணியிடம் வாங்கியவை, இரண்டு கர்நாடகத்திடம், மகாராஷ்டிரம், டெல்லி, ராஜஸ்தான் ஆகியவற்றிடம் ஒவ்வொன்று. பணபலமுள்ள சங்கம், ஆண்டு முழுவதும் நடக்கும் லீக், வீரர்களுக்கு வேலை கொடுத்துப் பேணும் நிறுவனங்கள், நூற்றாண்டைத் தாண்டிய மரபு என எல்லாம் இருந்தும் கணக்கு ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வி, சென்னையில் கிரிக்கெட் பேசும் எந்தக் கூட்டத்திலும் ஒருமுறையாவது எழாமல் போகாது. அதிர்ஷ்டம் இல்லை என்பார்கள். நெருக்கடியில் நம்மவர்களுக்குக் கை நடுங்கும் என்பார்கள். இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. விடை பெரும்பாலும் காலுக்குக் கீழே, ஆடுகளத்தில்தான் கிடக்கிறது என்பது பல ஆண்டுகளாக ரஞ்சி ஆட்டங்களைப் பார்த்து வந்த என் எண்ணம்.

முதலில் தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கிரிக்கெட் வெள்ளையர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் சொத்தாக, சேப்பாக்கத்து மைதானத்துக்குள் வேலி போட்டுக் காக்கப்பட்ட காலத்தில், 1888-இல் இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவியவர் புச்சி பாபு நாயுடு. வெள்ளையர் கிளப்புடன் ஆடப் போன இந்திய வீரர்கள் பெவிலியனுக்குள் அனுமதிக்கப்படாமல் மர நிழலில் அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது என்றும், அந்த அவமதிப்பே அவரைத் தனிக் கிளப் தொடங்கத் தூண்டியது என்றும் சொல்வார்கள். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் ஆட்டம் ஒன்றை ஆண்டுதோறும் நடத்த வேண்டும் என்ற அவருடைய விருப்பம், 1908-இல் அவர் இறந்த பின்னரே, பொங்கலையொட்டி நடந்த பிரசிடென்சி ஆட்டமாக நிறைவேறியது. மாநில அணி என்ற எண்ணத்துக்கு உண்மையான விதை அங்கேதான் விழுந்தது. அவர் பெயரிலான போட்டியில் இன்றும் ரஞ்சிப் பருவத்துக்கு முன் அணிகள் தங்களைப் பதம் பார்த்துக்கொள்கின்றன.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே, அன்று மெட்ராஸ் என்ற பெயரில் ஆடிய நம் அணியின் ஆட்டம்தான். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதின. போட்டி வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48 ரன்களுக்குச் சுருண்டது. மெட்ராஸ் 130 எடுத்தது. மைசூர் மறுபடியும் ஆடி 59-க்கு ஆட்டமிழந்தது. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன்கள் வித்தியாசத்தில், ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. இடக்கைச் சுழல் வீசிய ஏ.ஜி. ராம் சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 35 ரன்களுக்கு 11 விக்கெட் எடுத்தார். அந்த அணியின் அடுத்த 90 ஆண்டு வரலாற்றை ஒரே நாளில் சுருக்கிக் காட்டிய ஆட்டம் அது என்று எனக்குத் தோன்றுவதுண்டு: சேப்பாக்கம், சுழல், எதிரணியின் சரிவு.

கோபாலனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடக்க மனமில்லை. கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர் அவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் ஹாக்கி அணியா, இங்கிலாந்துக்குப் போகும் கிரிக்கெட் அணியா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கப் பதக்கத்துடன் திரும்பியது. கோபாலனுக்கோ அந்தச் சுற்றுப்பயணத்தில் ஒரு டெஸ்ட் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. பின்னாளில் மெட்ராஸும் இலங்கையும் ஆண்டுதோறும் மோதிய போட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. டெஸ்ட் தகுதி பெறாத அந்நாள் இலங்கை அணிக்கு, கடல் தாண்டி நடந்த இந்தக் கோபாலன் கோப்பை ஆட்டம் பருவத்தின் முக்கியமான பரீட்சைகளில் ஒன்றாக இருந்தது.

முதல் கோப்பை இருபது ஆண்டுகள் கழித்து வந்தது, அதுவும் சேப்பாக்கத்தில் இல்லை. 1954-55 இறுதிப் போட்டி இந்தூரில், ஹோல்கர் அணியின் சொந்த மண்ணில் நடந்தது. சி.கே. நாயுடுவும் முஷ்டாக் அலியும் வளர்த்த அந்த அணியை அங்கே போய் வெல்வது அக்காலத்தில் எளிதான காரியமல்ல. பாலு அழகணன் தலைமையில் ஆடிய மெட்ராஸ் 478, 311 என்று எடுத்தது. ஹோல்கர் 417, 326 என்று பதில் சொன்னது. இரு அணியும் சேர்ந்து 1,500 ரன்களுக்கு மேல் குவித்த ஆட்டத்தின் வித்தியாசம் 46 ரன் மட்டுமே. ஹோல்கர் என்ற பெயரில் அந்த அணி ஆடிய கடைசி ஆட்டமும் அதுதான். அடுத்த பருவம் முதல் அது மத்திய பாரத அணியாகிவிட்டது. அழகணன் பிற்காலத்தில் வானொலி வர்ணனையாளராகப் புகழ் பெற்றார். அவருடைய ஆங்கில வர்ணனையைக் கேட்டே கிரிக்கெட்டைக் கற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று சென்னையில் உண்டு.

அந்தப் பருவத்தின் நாயகன் ஏ.ஜி. கிருபால் சிங். அரையிறுதியில் வங்காளத்துக்கு எதிராக 98, 97; இறுதிப் போட்டியில் 75, 91. நான்கு இன்னிங்ஸிலும் சதம் இல்லை, ஆனால் நான்கும் இல்லாவிட்டால் கோப்பையும் இல்லை. 1934-இல் மைசூரைச் சுருட்டிய ராம் சிங்கின் மகன் இவர். அடுத்த பருவத்திலேயே ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் சதம் அடித்தார். இவருடைய தம்பி மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினார். கிருபாலின் மகன் அர்ஜன் கிருபால் சிங், 1988-89 பருவத்தில் கோவாவுக்கு எதிராகப் பனாஜியில் ஆட்டமிழக்காமல் 302 எடுத்தார். சென்னையில் வேரூன்றிய ஒரு சீக்கியக் குடும்பத்தின் மூன்று தலைமுறை, இந்த அணியின் மூன்று பெரிய நாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. மாநில அணி என்றால் மொழியாலும் சாதியாலும் அளக்கப் பார்ப்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான்.

1970-71 பருவம் முதல் அணியின் பெயர் தமிழ்நாடு என்றானது. அப்போது அதன் பலம் இருவரிடம் இருந்தது: லெக் ஸ்பின்னர் வி.வி. குமார், ஆஃப் ஸ்பின்னர் எஸ். வெங்கட்ராகவன். குமார் 1961-இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் டெஸ்டில் 64 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்தவர். ஆனாலும் அவருக்கு வாய்த்தது மொத்தம் இரண்டே டெஸ்ட். கர்நாடகத்து லெக் ஸ்பின்னர் பி.எஸ். சந்திரசேகர் வந்துவிட்ட காலம் என்று சமாதானம் சொல்லலாம், அது போதாது என்பேன். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடி, 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கி, பின்னர் நடுவராகவும் உலகம் சுற்றினார். ரஞ்சியில் மட்டும் அவர் எடுத்த விக்கெட்டுகள் 530. இப்படி இருவர் இருக்கும் அணி, சொந்த மைதானத்தில் இறுதிப் போட்டி வந்தால் எந்த மாதிரி ஆடுகளம் போடும்?

1972-73 இறுதிப் போட்டிக்குப் பம்பாய் வந்தபோது, பந்து முதல் நாளிலிருந்தே திரும்பும் ஆடுகளம் காத்திருந்தது. பம்பாய் அதற்கு முன் தொடர்ந்து 14 முறை கோப்பையை வென்றிருந்தது. அந்த வரிசையை முறிக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது என்று சென்னை நம்பியது. திட்டத்தின் முதல் பாதி சரியாகவே நடந்தது. அஜித் வாடேகர், சுனில் கவாஸ்கர் போன்றவர்களைக் கொண்ட பம்பாய் 151 ரன்களுக்கு ஆட்டமிழந்தது. அதன்பின் பந்தைக் கையில் எடுத்தார் பத்மாகர் சிவால்கர். இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆட வாய்க்காத அந்த இடக்கைச் சுழலர், குமாரையும் வெங்கட்டையும் மனத்தில் வைத்துச் சமைத்த களத்தில் 16 ரன்களுக்கு 8 விக்கெட் எடுத்தார். தமிழ்நாடு 80. இரண்டாவது இன்னிங்ஸில் பம்பாயை 113-க்குள் மடக்கியும் பயனில்லை. சிவால்கர் மறுபடியும் 18 ரன்களுக்கு 5 விக்கெட், ஏக்நாத் சோல்கர் அவருக்குத் துணையாக 5 விக்கெட். தமிழ்நாடு 61. ஐந்து நாள் ஆட்டம் மூன்றாம் நாளின் முதல் பந்தில் முடிந்துவிட்டது. வித்தியாசம் 123 ரன்.

இந்த ஆட்டத்தில் எல்லோரும் சிவால்கரை மட்டுமே பேசுவார்கள். எனக்கு அதைவிட உறுத்தும் செய்தி வேறொன்று. தமிழ்நாட்டின் பி. கல்யாணசுந்தரம் இதே ஆட்டத்தில் ஹாட்ரிக் எடுத்தார். ரஞ்சி இறுதிப் போட்டி ஒன்றில் எடுக்கப்பட்ட முதல் ஹாட்ரிக் அது. அவர் சுழலர் அல்லர், வேகப் பந்துவீச்சாளர். சுழலுக்கென்றே இழைத்த களத்தில், தமிழ்நாடு யாரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையோ அவர் மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்தார். யாருக்காகக் களம் போடப்பட்டதோ அவர்களால் கோப்பையை மீட்க முடியவில்லை. அதிலிருந்து பாடம் படித்ததாகவும் தெரியவில்லை.

இரண்டாவது கோப்பைக்குச் சேப்பாக்கம் உதவியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1987-88 இறுதிப் போட்டியில் எஸ். வாசுதேவன் தலைமையிலான தமிழ்நாடு, ரயில்வே அணிக்கு எதிராக 709 ரன் குவித்து, 317-க்கும் 248-க்கும் எதிரணியை ஆட்டமிழக்கச் செய்து, இன்னிங்ஸ் மற்றும் 144 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. தலைவர் வாசுதேவன் இடக்கைச் சுழலர். உடன் ஆஃப் ஸ்பின் வீச எம். வெங்கடரமணா. டிரினிடாடில் பிறந்து, படிக்கச் சென்னைக்கு வந்து, லீக் ஆடி இங்கேயே தங்கிவிட்ட ராபின் சிங்கும் அந்த அணியில் இருந்தார். அந்த ஓட்டம் அடுத்த பருவத்திலும் நிற்கவில்லை. இரானிக் கோப்பையில் வி.பி. சந்திரசேகர் 56 பந்தில் சதம் அடிக்க, இந்தியாவின் பிற மாநில வீரர்கள் சேர்ந்த அணியைத் தமிழ்நாடு வென்றது. பனாஜியில் அர்ஜன் கிருபால் சிங் முச்சதம் அடித்த அதே இன்னிங்ஸில் டபிள்யூ.வி. ராமனும் 313 எடுத்தார். அணியின் மொத்தம் 6 விக்கெட்டுக்கு 912. அந்தப் பருவத்தில் ராமன் குவித்த 1,018 ரன், ரூசி மோடி 1944-45 முதல் வைத்திருந்த சாதனையை முறியடித்தது. இனி இந்த அணியை யார் தடுப்பார் என்று ஊரே எண்ணிய காலம். அதற்குப் பின் ரஞ்சிக் கோப்பை சென்னைக்கு வரவேயில்லை.

வராததற்கான காரணங்களில் ஒன்று போட்டியின் விதியிலேயே இருக்கிறது. தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட் ஆட்டம் சமனில் முடிந்தால், முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்ற அணியே வென்றதாகும். பந்து திரும்பாத, எழும்பாத களம் அமைந்துவிட்டால் டாஸ் வென்ற அணி இரண்டு நாளுக்கும் மேல் ஆடிவிடும். மற்ற அணி களைத்த கால்களுடன் மலையேற வேண்டும். 1995-96 இறுதிப் போட்டியில் ராகுல் திராவிட் சதமடித்த கர்நாடகத்திடம் சேப்பாக்கத்திலேயே தோற்றது இப்படித்தான். 2012 ஜனவரியில் ராஜஸ்தானிடம் தோற்றது இன்னும் கொடுமை.

அந்த ஆட்டத்தை அரங்கில் இருந்து பார்த்தேன். ரஞ்சி ஆட்டத்துக்குச் சேப்பாக்கத்தில் கூட்டம் எப்போதும் குறைவு. செய்தித்தாளை மடித்து வெயிலுக்குத் தலையில் வைத்துக்கொண்டு, ஸ்கோரைத் தாங்களே கையால் எழுதும் ஓய்வுபெற்ற மனிதர்கள், பள்ளிக்கு விடுப்புப் போட்ட சில பையன்கள், அவ்வளவுதான். இறுதிப் போட்டி என்பதால் கொஞ்சம் கூடுதலாக வந்திருந்தார்கள். வினீத் சக்சேனா என்ற தொடக்க ஆட்டக்காரர் மட்டையைத் தாழ்த்தி, பந்தைக் காலடியில் சாகடித்துக்கொண்டே இருந்தார். 15 மணி நேரத்துக்கும் மேல் நின்று 257 எடுத்தார். உணவு இடைவேளைக்குப் போய்த் திரும்பினாலும் அவர், தேநீர் குடித்துத் திரும்பினாலும் அவர், அடுத்த நாள் வந்தாலும் அவர். நம் வேகப் பந்துவீச்சாளர் பாலாஜி ஓடி வந்து வீசிய பந்து விக்கெட் கீப்பரின் முழங்காலைத் தாண்டி எழவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “இது பிட்ச் இல்லை தம்பி, வாலாஜா ரோடு” என்றார். ராஜஸ்தான் 621 குவித்தது. தமிழ்நாடு 295. மிச்ச நேரம் வெறும் சடங்கு. நடத்தும் ஊர் நம்முடையது, களமும் நம்முடையது. ஆனால் வெற்றிக்குத் தேவையான, எதிரணியின் இரண்டு இன்னிங்ஸுக்குமான 20 விக்கெட் எடுக்கும் வழியை அந்தக் களத்தில் நாமே அடைத்து வைத்திருந்தோம்.

சேப்பாக்கம் சுழலுக்கும் மட்டைக்கும் நல்ல வீரர்களைக் கொடுத்தது. அதே சேப்பாக்கம், அதைப் பார்த்து அமைந்த லீக் மைதானங்களும் சேர்ந்து, வேகப் பந்துவீச்சாளன் ஒருவன் இந்த ஊரில் வளரத் தேவையான ஆசையை எடுத்துவிட்டன. சென்னை முதல் டிவிஷன் லீக் இந்தியாவின் பலமான லீக்குகளில் ஒன்று. வெளிமாநிலங்களிலிருந்து பெரிய வீரர்கள் வந்து ஆடுவார்கள். நிறுவனங்கள் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கும். ஆனால் கோடை வெயிலில் வறண்ட களத்தில், புதுப்பந்தை நாலைந்து ஓவர் வீசியவுடன் தலைவர் சுழலரைக் கூப்பிடும் லீக்கில் 18 வயதுப் பையன் எதற்காக வேகமாக ஓடி வர வேண்டும்? இத்தனைக்கும் 1987 முதல் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சிக் கூடம் இருப்பது சென்னையில்தான். டென்னிஸ் லில்லி இங்கே வந்து கற்றுக்கொடுத்தார். ஜாகீர் கான், முனாஃப் படேல் போன்றவர்கள் இங்கே பயின்று நாட்டுக்கு ஆடினார்கள். ஆனால் அந்தக் கூடத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்தே இந்த அணி நாட்டுக்குக் கொடுத்த வேகப் பந்துவீச்சாளர்கள் டி.ஏ. சேகர், பரத் அருண், பாலாஜி எனச் சிலர்தான்.

வேகப் பந்துவீச்சாளர் டி. நடராஜன் கதை இதற்கு விலக்குப் போலத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் இதையே உறுதிசெய்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் வீசிப் பழகியவர் அவர். டென்னிஸ் பந்து ஆட்டத்துக்கு ஆடுகளம் ஒரு பொருட்டே இல்லை. மட்டையாளரின் காலடியில் பந்தைப் போடத் தெரிந்தால் போதும். சென்னை லீக்குக்கு அவர் வரும்போதே அந்த ஆயுதம் கையில் இருந்தது. 2014-15 பருவத்தில் ரஞ்சியில் அறிமுகமாகி, பந்துவீச்சு முறை குறித்த புகாரால் ஒதுங்கி, கையைத் திருத்திக்கொண்டு, தமிழ்நாடு பிரீமியர் லீக் வழியாக மீண்டு, 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவ ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். ரஞ்சியில் அவரைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

அவர் அறிமுகமான அதே 2014-15 பருவத்தில் தமிழ்நாடு மீண்டும் இறுதிப் போட்டிக்குப் போனது, மும்பை வான்கடேயில், கர்நாடகத்துக்கு எதிராக. வினய் குமார் 34 ரன்களுக்கு 5 விக்கெட் எடுக்க, தமிழ்நாடு முதல் நாளிலேயே 134-க்கு ஆட்டமிழந்தது. பிறகு கருண் நாயர் 328, கே.எல். ராகுல் 188, வினய் குமாரும் தம் பங்குக்குச் சதம் அடித்தார். கர்நாடகம் 762. வித்தியாசம் இன்னிங்ஸ் மற்றும் 217 ரன். ஈரப்பதமுள்ள காலை, எழும்பி வரும் புதுப்பந்து: நம் மட்டையாளர்கள் உள்ளூரில் பார்த்தே இராத இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த முதல் நாள் காட்டியது.

ஒருநாள், டி-20 ஆட்டங்களில் இந்தக் குறை அவ்வளவாக வெளியே தெரியாது. விஜய் ஹசாரே கோப்பையை 5 முறையும், சையத் முஷ்டாக் அலி கோப்பையை 3 முறையும் தமிழ்நாடு வென்றிருக்கிறது. 2021 நவம்பரில் டெல்லியில் கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 5 ரன் தேவைப்பட்டபோது ஷாருக் கான் அடித்த சிக்ஸரை மறந்தவர் இருக்க முடியாது. அடுத்த ஆண்டு பெங்களூரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக ஜெகதீசன் 277 எடுக்க, அணி 50 ஓவரில் 506 குவித்தது. மகிழ்ச்சிதான், ஆனால் இந்த ஆட்டங்களில் எதிரணியின் 20 விக்கெட்டையும் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நான் சொல்வது மிகை என்று தோன்றினால் 2024-இல் அடுத்தடுத்து நடந்த இரண்டு ஆட்டங்களைப் பாருங்கள். பிப்ரவரியில் கோயம்புத்தூரில் காலிறுதி. நடப்புச் சாம்பியன் சௌராஷ்டிரத்தைத் தமிழ்நாடு 183-க்கும் 122-க்கும் சுருட்டியது. தலைவர் சாய் கிஷோர் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 9 விக்கெட் எடுத்தார். இன்னிங்ஸ் மற்றும் 33 ரன் வெற்றி. சாய் கிஷோரை ராம் சிங் காலத்து இடக்கைச் சுழலின் நேரடி வாரிசு என்றே சொல்லலாம். அடுத்த வாரம் மும்பை பாந்த்ரா-குர்லா மைதானத்தில் அரையிறுதி. களத்தில் புல் இருந்தது. டாஸ் வென்ற சாய் கிஷோர் மட்டை பிடிக்க முடிவு செய்தார், 146-க்கு ஆட்டமிழந்தார்கள். இருந்தும் சாய் கிஷோர் விடவில்லை. அவருடைய சுழலில் மும்பை 7 விக்கெட்டுக்கு 106 என்று தத்தளித்தது. அங்கே உள்ளே வந்த ஷர்துல் தாக்குர் 109 அடித்து ஆட்டத்தைப் பறித்துக்கொண்டு போனார். மும்பை 378, தமிழ்நாடு இரண்டாவது முறை 162. ஆட்டம் மூன்று நாளில் முடிந்தது. முதல் நாள் காலை டாஸிலேயே ஆட்டம் போய்விட்டது என்று பயிற்சியாளர் சுலக்ஷன் குல்கர்னி வெளிப்படையாகச் சொன்னது பெரிய சர்ச்சையானது.

டாஸ் முடிவு தவறுதான். ஆனால் தலைவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. பழகிய களத்தில் முதலில் மட்டை பிடித்து, நான்காம் நாள் சுழலில் முடிப்பது என்பதுதான் இந்த ஊர் அவருக்குச் சிறுவயது முதல் கற்றுக்கொடுத்த கணக்கு. அந்தப் பருவத்தில் ரஞ்சியிலேயே அதிக விக்கெட் எடுத்தவர் அவர்தான், 53 விக்கெட். சங்கத்திடம் இன்று சேலத்தில் மைதானம் இருக்கிறது, திண்டுக்கல் நத்தத்திலும் கோவையிலும் ஆட்டங்கள் நடக்கின்றன. முதல் டிவிஷன் லீக் ஆட்டங்களில் பாதியையாவது புல் விட்ட களத்தில் நடத்தவும், ஒவ்வோர் அணியும் குறிப்பிட்ட ஓவர்களை வேகப் பந்துவீச்சாளர்களுக்கு ஒதுக்கவும் விதி கொண்டுவரலாம். நிறுவன அணிகள் முதல் ஆண்டு முணுமுணுக்கும். சுழலர்களின் கணக்கில் சில விக்கெட் குறையும். குறையட்டும்.